கேம்ப் ரோடு பங்குதாரர்கள்

1

போன சனிக்கிழமை மகள் காவ்யாவுக்கு லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு லேப்டாப் எதற்கு என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்டேன். இந்த அமெரிக்க ஊரில் வீட்டுப்பாடத்தைக் கையால் எழுதிக் கொடுத்தால், வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்.

கடையில் நின்ற அம்மாள் ஒரு நோட்புக் கம்ப்யூட்டரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். அப்பளம் மாதிரி மெல்லிசு. இவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் படம் எவ்வளவு துல்லியம் பாருங்கள், உள்ளே இருப்பது இன்ன கம்பெனியின் கிராபிக்ஸ் சிப் என்று பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும் நான் பக்கத்து அலமாரியில் இருந்த பிரிண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தக் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆனால் காவ்யா கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னது, "அது எங்க தாத்தாவோட கம்பெனி."

அந்த அம்மாளுக்கு முகமே மாறிவிட்டது. தாத்தாதான் ஆரம்பித்தாரா என்று கேட்டார். காவ்யா கொஞ்சமும் கூச்சப்படாமல், இல்லை, ஆனால் அவர் ஓட்டுப் போடுவார் என்றாள். மேனேஜரைக் கூப்பிடப் போனவரை நிறுத்தி, இவளுடைய தாத்தா கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறார், தொலைபேசித் துறையில் ரிடையர் ஆனவர், அவரிடம் கொஞ்சம் ஷேர் இருக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். காரில் ஏறினதும் காவ்யா தமிழுக்கு மாறி, "தாத்தா இன்னும் அவங்களைக் கோவிக்கிறாரா?" என்று கேட்டாள். கோவிக்கிறார்தான். அந்தக் கதையைத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

அப்பாவும் அம்மாவும் முதல் தடவை இங்கே வந்து ஆறு மாதம் தங்கினார்கள். அமெரிக்கா வருகிற பெற்றோருக்கு இருக்கிற ஒரே வேலை, ஜன்னல் வழியாக யாராவது நடந்து போகிறார்களா என்று பார்ப்பது. யாரும் நடக்க மாட்டார்கள். அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் ஒருநாள் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

உலகம் முழுக்க எல்லாருக்கும் கம்ப்யூட்டர் மெல்லிசாக வேண்டும் என்று ஆசை வந்த காலம் அது. மெல்லிசான நோட்புக்குக்குள் சூடு வெளியே போக வழி கிடையாது. படம் காட்டுகிற சிப்தான் அதிகமாகச் சுடும். அதை ஒரு சின்ன அடுப்பு மாதிரிப் பெட்டிக்குள் வைத்து, ஓட விட்டு, எப்போது உயிரை விடுகிறது என்று பார்ப்பது என் வேலை. அப்பா அந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பயபக்தியோடு பார்த்தார். எல்லா சிப்பும் உன் கையைத் தாண்டித்தான் போகுமா என்று கேட்டார். மாதிரிக்குச் சிலதுதான் என்றேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஊருக்குத் திரும்பும் முன் இங்கே ஒரு தரகு கம்பெனியில் தன் பெயரில் கணக்குத் திறந்துகொண்டார். தாம்பரம் போனதும் காலை வாக்கிங் கூட்டத்தில் விஷயத்தைப் போட்டு உடைத்திருக்கிறார். பையன் பார்த்து அனுப்புகிற சிப், கெட்டுப்போக வாய்ப்பே இல்லை. முதலில் சேர்ந்தவர் எதிர் ஃப்ளாட் ஜெபராஜ் சார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர், சர்ச் கமிட்டியில் செயலாளர், தீர்மானம் நிறைவேற்றாமல் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். அடுத்தது வாக்கிங் கூட்டாளிகள் நாலைந்து பேர். கடைசியில் சேர்ந்தது கன்னியம்மா. கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்து விற்கிறவர். எல்லாருமாக எதையோ வாங்குகிறார்கள், தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று சண்டை போட்டே சேர்ந்தார். கம்ப்யூட்டரில் படம் தெரிவதற்கான சில்லு என்று அப்பா விளக்கினாராம். டிவி பொட்டி கணக்கா என்று கேட்டுவிட்டு, அப்படின்னா ஓடும் என்று முடிவு செய்தாராம்.

எல்லார் பணத்தையும் சேர்த்து அப்பாவின் அமெரிக்கக் கணக்குக்கு அனுப்பப் பேங்குக்குப் போனால் அங்கே ஒரு கூத்து. வெளிநாட்டுக்குப் பணம் எதற்கு, பையன் படிக்கிறானா என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். படிக்கவில்லை, வேலை பார்க்கிறான். அப்படியானால் அவன்தானே உங்களுக்கு அனுப்ப வேண்டும், நீங்கள் ஏன் அனுப்புகிறீர்கள்? அவன் செய்கிற சிப்பை வாங்குகிறோம் என்று அப்பா சொல்ல, இறக்குமதியா, லைசென்ஸ் இருக்கிறதா என்று மேனேஜர் கேட்க, அப்பா மூன்று தடவை வீட்டுக்கும் பேங்குக்கும் நடந்தார். இதுவரை இந்தக் கிளையில் யாரும் அமெரிக்க ஷேர் வாங்கினதில்லை என்று மேனேஜர் அலுத்துக்கொண்டதை அப்பா பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வாங்கின அன்று அனுஷ நட்சத்திரம். அதனால் ஷேருக்கு அனுஷம் என்று முடிவாகி, மாதம் ஒருமுறை அனுஷத்தன்று திருநீர்மலையில் அதன் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. அர்ச்சகர் முதலில் கொஞ்சம் தயங்கினாராம். அப்புறம் அந்த ஆங்கிலப் பெயரோடு 'நாமதேயஸ்ய' என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். கோத்திரம் கேட்டபோது அப்பா யோசிக்காமல் எங்கள் கோத்திரத்தைக் கொடுத்தார். அதாவது சாஸ்திரப்படி அந்தக் கம்பெனி எனக்குத் தம்பி முறை. ஜெபராஜ் சார் தன் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பெயர் சொல்லாமல், தூர தேசத்தில் உழைக்கும் ஒரு நிறுவனத்துக்காக ஜெபிக்கச் சொல்லிக் குறிப்பு கொடுத்தார்.

3

வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளின் வாராந்திர போன் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, குளிருதா, காவ்யா படிக்கிறாளா, சரி வச்சிடறேன். சனிக்கிழமை மாலை நான் கூப்பிட்டால் அங்கே ஞாயிறு காலை. எத்தனையோ வாரம் இதையே பேசினேன். நடுநடுவே ஒரு இருமல் கேட்கும். அப்பாவுக்கு இருமலா என்று அம்மாவிடம் விசாரித்தால் அம்மா பதில் சொல்லாமல் மழுப்புவார்.

அந்த இருமல் ஜெபராஜ் சாருடையது. போனை ஸ்பீக்கரில் போட்டு, மொத்தப் பங்குதாரர்களும் ஹாலில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் என்ன சாப்பிட்டேன் என்பதை ஜெபராஜ் சார் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் ஆபீஸ் காண்டீனில் இலவசச் சாப்பாடு. வியாபாரம் நன்றாக இருந்தால் சால்மன் மீன் போடுவார்கள், இல்லாவிட்டால் காய்ந்த ரொட்டிக்குள் ஏதோ இலையை வைத்துக் கொடுப்பார்கள். அந்த வாரம் ஆபீசில் மீன் சாப்பிட்டதாக நான் சொன்னால் திங்கட்கிழமை அப்பா தரகு கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பிக் கொஞ்சம் வாங்குவார். இலை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். கன்னியம்மாவுக்கு இதில் ஒரே பெருமை. மீன் துன்னா கம்பெனி நல்லா கீதுன்னு அர்த்தம் என்று நான் ஊருக்குப் போயிருந்தபோது என்னிடமே சொன்னார். அப்போதுதான் எனக்கு விஷயம் வெளியானது. எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

ஏன் நடுங்கினேன் என்றால், இங்கே கம்பெனியின் உள்விஷயத்தை வெளியே சொல்லி யாராவது ஷேர் வாங்கினால் ஜெயில். ஒவ்வொரு கம்பெனியிலும் இதைக் கவனிக்கவே ஒரு அதிகாரி உண்டு. எங்கள் அதிகாரியின் பெயர் மார்த்தா. அரசு ஊழியரின் பிள்ளையாயிற்றே, திரும்பி வந்ததும் நானே போய் மார்த்தாவிடம் ஒப்புக்கொண்டேன். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் இந்த ஷேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு தெரு என்றேன். ஜெபராஜ் என்ன உறவு? எதிர் வீடு. கன்னியம்மா? மீன். மார்த்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என்னென்ன தகவல் கொடுத்தீர்கள் என்று கேட்டார். மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று எங்கம்மாவிடம் சொன்னேன் என்றேன். அதை வைத்து எப்படி வாங்க முடியும் என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் இன்னும் மோசம். காண்டீன் சாமான் பட்டியலை எடுத்துவரச் செய்து, மீன் போட்ட நாட்களை லாபக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. ஜெபராஜ் சாரின் கணக்கு அவ்வளவாகத் தப்பவில்லை. கடைசியில் மேலிடத்தில் கலந்து பேசி எனக்கு எழுத்தில் ஒரு உத்தரவு வந்தது. வேலையில் இருக்கும்வரை ஆபீசில் என்ன சாப்பிட்டேன் என்பதை நான் குடும்பத்தாரிடம் வெளியிடக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்ன சாப்பிட்ட என்றார். சொல்ல எனக்கு அனுமதி இல்லைம்மா என்றேன். பெத்தவளிடம் சாப்பாட்டைச் சொல்லக் கூடாது என்று தடுக்கிற கம்பெனி எப்படிப்பட்ட கம்பெனி என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பின்னால் இருமல் கேட்டது. பட்டினி போடுகிறார்களோ என்று ஒரு கோஷ்டியும், ஏதோ பெரிய ரகசியம் இருப்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு என்று ஒரு கோஷ்டியும் பிரிந்து, பெரிய ரகசியக் கோஷ்டி ஜெயித்து, இன்னும் கொஞ்சம் வாங்கினார்கள்.

4

ஒரு செப்டம்பர் வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, சூட்டைச் சோதிக்கிற பிரிவு இனிமேல் தேவையில்லை என்றார்கள். நோட்புக் கம்பெனிக்காரர்களே சோதித்துக்கொள்ளட்டும் என்று முடிவாம். என் வேலையில் குறை ஒன்றும் இல்லை என்று மேலதிகாரி இரண்டு தடவை சொன்னார். கையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார்கள். எட்டு வருஷ உழைப்புக்குக் கண்ணாடியில் செய்த ஒரு நினைவுச் சின்னமும் அதற்குள் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவிடம் உடனே சொல்லிவிடுங்கள் என்றாள் என் மனைவி உமா. சொல்லத்தான் நினைத்தேன். சனிக்கிழமை நான் கூப்பிடுவதற்கு முன் அப்பாவே கூப்பிட்டார். வழக்கமாக ஐ.எஸ்.டி. காசு போகும் என்று அவர் கூப்பிட மாட்டார். குரலில் அப்படி ஒரு குஷி.

"பேப்பர்ல பாத்தேன்டா. தேவையில்லாத ஆளுங்களையெல்லாம் கழிச்சுக் கட்டிட்டாங்களாமே. ஷேர் எப்படி ஏறியிருக்கு தெரியுமா? நிர்வாகம்னா இதுதான்டா நிர்வாகம்."

தெரு முழுக்க லட்டு கொடுத்தாகிவிட்டது. கன்னியம்மா தனக்கு நாலு லட்டு அதிகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். நான், ஆமாம்பா என்றேன். போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. உமா இரண்டையும் பார்த்துவிட்டு தோசைக்கு மாவு கரைக்கப் போனாள்.

வேலை போனதைவிட அது எனக்கு உறைத்தது. ஊரில் என் அப்பா யாரிடமும் தலையைக் குனிந்து பேசினதில்லை. என் பையன் பார்த்து அனுப்புகிற சிப் என்பதுதான் தெருவில் அவருடைய விசிட்டிங் கார்டு. அந்தப் பையனைத்தான் கழித்துக் கட்டினார்கள் என்று தெரிந்தால் அவர் முகம் என்ன ஆகும். அவருக்குப் பிள்ளை பெரிதா, ஏறின ஷேர் பெரிதா என்கிற கேள்வியும், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ராத்திரி பகல் இல்லாமல் குடைந்தது.

ரகசியம் காப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. என்ன சாப்பிட்ட என்று கேட்கக் கூடாது என்பதுதான் ஏற்கெனவே சட்டமாகிவிட்டதே. மார்த்தா தன்னை அறியாமல் எனக்குச் செய்த உபகாரம் அது. ஒருநாள் காவ்யா மட்டும் போனைப் பிடுங்கி, அப்பா டெய்லி வீட்டிலேயே இருக்கிறார், எனக்கு மூணு மணிக்கு தோசை சுடுகிறார் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கசமுசவென்று ஆலோசனை நடந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள், ஆபீஸ் வாடகை மிச்சம், பிரமாதம் என்று அப்பா அறிவித்தார்.

5

டிசம்பரில் ஊருக்குப் போனோம். நேரில் சொல்லிவிடலாம் என்று விமானம் முழுக்க வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். வீட்டுக்குள் நுழைந்தால் ஜெபராஜ் சார் கையில் நிகழ்ச்சி நிரலோடு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடியில் பங்குதாரர் பொதுக்குழு. கம்பெனியின் சார்பில் பேசுபவர், நான்.

ஃப்ளாட் மொட்டை மாடியில் வாடகை பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் கேன், மிக்சர், ஜெபராஜ் சார் சர்ச்சிலிருந்து கொண்டுவந்த மைக், ஸ்பீக்கர். ஏழெட்டுப் பேருக்கு மைக் எதற்கு என்று கேட்டால், பொதுக்குழு என்றால் மைக் வேண்டும் என்றார். கன்னியம்மா புதுப் புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்து, இன்னா தம்பி எளச்சிட்ட என்று விசாரித்தார். விமானத்தில் தயார் செய்த வாக்கியம் எனக்கு மறந்துவிட்டது.

முதல் பொருள், இறைவணக்கம். இரண்டாவது, வரவுசெலவு. மூன்றாவதுக்கு அப்பா எழுந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தீர்மானத்தை ஜெபராஜ் சார்தான் எழுதியிருக்க வேண்டும், அப்பா நிறுத்தி நிதானமாக வாசித்தார். உபரி ஊழியர்களை நீக்கிச் செலவைக் குறைத்த நிர்வாகத்தின் துணிச்சலை இந்தப் பொதுக்குழு மனமாரப் பாராட்டுகிறது, இதன் நகல் சேர்மனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்படும். எல்லாரும் கை தட்டினார்கள். ஜெபராஜ் சார் மைக்கை என்னிடம் நீட்டி, கம்பெனிப் பிரதிநிதி இதை வழிமொழிவார் என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் வழிமொழிந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வார்த்தைதானே. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபிறகு முடியவில்லை.

"என்னால இதை வழிமொழிய முடியாது சார். அவங்க நீக்கின ஆள்ல நானும் ஒருத்தன். செப்டம்பர்லேர்ந்து எனக்கு வேலை இல்ல."

மைக் என்கிற சனியன் அதைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோனது. எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். ஜெபராஜ் சாருக்கு மட்டும் வேறு கவலை. வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் தீர்மானம் காலாவதி ஆகிவிடும், யாராவது வழிமொழிகிறீர்களா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு, கேட்டதும் தானே வாயைப் பொத்திக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன்.

கன்னியம்மாதான் முதலில் பேசினார். "இன்னா சாரே இது. வூட்டுப் புள்ளைய தூக்கிட்டானுங்க, அதுக்கா லட்டு குடுத்துகினு இருந்தோம்?"

அப்பா கையிலிருந்த தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செருப்பைக் கூடப் போடாமல் படியிறங்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டாவது மாடி வளைவில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் லட்டு கொடுத்தேனே, அன்னிக்கா?"

"அதுக்கு முந்தின வியாழக்கிழமைப்பா."

"அப்போ போன்ல நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தியா நீ."

அப்பா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே மெதுவாக இறங்கினார்.

6

மறுநாள் காலையில் அப்பா வாக்கிங் போகவில்லை. குளித்து, அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, லட்டு கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனார். வேண்டாம்பா என்று நானும் கூடவே போனேன், கேட்டால்தானே. மணியை அடித்து, கதவு திறந்ததும், செப்டம்பரில் நான் கொடுத்த லட்டு தப்பாகக் கொடுத்தது, அதைக் கொடுத்ததாக நினைக்க வேண்டாம் என்பார். அவ்வளவுதான், அடுத்த வீடு.

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு மாமி லட்டு கெட்டுப்போயிருந்ததா என்று பயந்து, மூன்று மாதம் கழித்து வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். முதல் மாடிக்காரர் பதிலுக்கு ஏதாவது தர வேண்டுமோ என்று உள்ளே போய் ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்தார். அப்பா அதை வாங்கிக்கொள்ள மறுக்க, அவர் கொடுக்க, வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. கடைசி வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள். எங்களுக்கு லட்டே தரவில்லையே என்றார்கள். நல்லதாப் போச்சு என்று அப்பா திரும்பிவிட்டார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, இப்படி ஓர் அப்பாவா என்று பெருமையாகவும் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமே அந்த மனசு எனக்கு மாறிப்போயிற்று. அந்தப் பாழாய்ப்போன ஷேரை விற்றுத் தொலையுங்கள் என்று அம்மா சொன்னார். உச்சத்தில் இருக்கிறது, விற்றால் நல்ல லாபம், நானும் சொன்னேன். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, விக்கக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டால் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

இன்னும் ஏறும் என்கிற ஆசை என்றுதான் நினைத்தேன். வெளியே தெருத்தெருவாகப் போய் லட்டைத் திரும்ப வாங்குகிறார், உள்ளே என்னை வெளியே தள்ளின கம்பெனியை விட மனசு வரவில்லை. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஏர்போர்ட்டில் கையை ஆட்டினபோது கூட நான் சரியாக முகம் கொடுக்கவில்லை.

7

அடுத்த வருஷம் என்ன ஆயிற்று என்று உங்களில் பல பேர் பேப்பரில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவில் பேங்குகள் வரிசையாகப் படுத்தன. அதே நேரத்தில் எங்கள் கம்பெனி சிப் போட்ட மெல்லிசு நோட்புக்குகள் சூடு தாங்காமல் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. மடியில் வைத்தவர்கள் துள்ளிக் குதித்ததாகக் கேள்வி. சூட்டைச் சோதிக்கிற பிரிவுதான் தேவையில்லை என்று ஆகிவிட்டதே, அப்புறம் யார் சோதிப்பது. ஷேர் தலைகுப்புற விழுந்தது. எனக்கு அதற்குள் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், பட்டேன், ஒரே ஒரு நாள். அப்புறம் கேம்ப் ரோடு ஞாபகம் வந்தது.

கன்னியம்மா, ஜெபராஜ் சார், மற்றவர்கள் எல்லாருடைய பங்கையும் முதல் சரிவிலேயே அப்பா விற்று, போட்டதற்குக் குறையாமல் கையில் கொடுத்துவிட்டார். தன் பங்கை மட்டும் விற்கவில்லை. அனுஷத்துக்கு அர்ச்சனையும் நின்றுபோனது. அப்படியானால் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அம்மாவுக்கும் புரியவில்லை. வாரா வாரம் நான் கெஞ்சினேன். மிச்சம் இருப்பதை வைத்து ஒரு மின்விசிறியாவது வாங்கலாம்பா என்றேன். ம்ம் என்பார், பேச்சை மாற்றுவார்.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை நான் கூப்பிட்டபோது அப்பா வீட்டில் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார் என்றார் அம்மா. வாழ்நாளில் மவுஸைத் தொடாத மனிதர். மறுபடி கூப்பிட்டேன். அப்பா திரும்பியிருந்தார், மூச்சு வாங்கப் பேசினார். போன வருஷம் கம்பெனியிலிருந்து ஓட்டுச் சீட்டு தபாலில் வந்ததாம், சேர்மனையும் மற்ற டைரக்டர்களையும் மறுபடி நியமிக்கலாமா என்று பங்குதாரரைக் கேட்கிற சீட்டு. அது தாம்பரம் வந்து சேர்வதற்குள் அங்கே கூட்டமே முடிந்துவிட்டது. போஸ்ட் ஆபீசில் போய்ச் சண்டை போட்டாராம். இந்த வருஷம் இன்டர்நெட்டிலேயே போடலாம் என்று தெரிந்துகொண்டு, ஜெபராஜ் சாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"எல்லாருக்கும் எதிராப் போட்டுட்டேன். ஒருத்தன் பாக்கி இல்ல. அந்த சேர்மனுக்கு முதல்ல போட்டேன்."

"அப்பா, அவங்களுக்குக் கோடிக்கணக்குல ஓட்டு இருக்கு. நீங்க போட்டு என்னப்பா ஆகப்போவுது? வித்துடுங்கப்பா."

"வித்துட்டா அடுத்த வருஷம் அந்தாளுக்கு எதிரா யாருடா ஓட்டுப் போடறது? என் பையனை வேணாம்னுட்டு அவன் பாட்டுக்கு உக்காந்திருப்பானா?"

ஒன்றரை வருஷமாக இவரைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததை இவரிடம் எப்படிச் சொல்வது.

இரண்டு வாரம் கழித்து முடிவைக் கம்பெனி இணையத்தில் போட்டது. அப்பா போனில் காத்திருக்க, நான் படித்துச் சொன்னேன். சேர்மன் ஜெயித்துவிட்டார். ஆதரவு பக்கத்தில் ஒரு நீளமான எண். எதிர்ப்பு பக்கத்தில் அதைவிடக் குட்டையான ஒரு எண். எதிர்த்து எவ்வளவு என்று கேட்டார். முழுதாகப் படித்தேன். மெதுவாப் படி என்றார், திரும்பப் படித்தேன்.

"அதுல நம்மளது சேர்ந்திருக்கா?"

"சேர்ந்திருக்குப்பா."

"நம்மளது இல்லன்னா அந்த நம்பர் வேற மாதிரி இருந்திருக்குமில்ல?"

"வேற மாதிரிதான்பா இருந்திருக்கும்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற ஜெபராஜ் சாரிடம் அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார்.